கப்பலில் வாந்திக்கு வேறு பெயர்

பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாதர் கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் பாதியைப் பலகை வைத்து மறைத்து நடத்தப்படுகிறது தமயந்தி டூர்ஸ். உள்ளே ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஆளுயர நயாகரா. நயாகராவுக்குத் தமயந்தி இதுவரை ஒருவரையும் அழைத்துப் போனதில்லை. பிறகு எதற்கு மாட்டியிருக்கிறாய் என்று கேட்டால், "வர்றவங்க வெயில்ல அலைஞ்சு வர்றாங்க. தண்ணியப் பாத்தா மனசு குளிரும். குளிர்ந்த மனசுதான் அட்வான்ஸ் குடுக்கும்" என்பாள்.

அவள் பிறந்து வளர்ந்ததும் அதே சந்துதான். பி.யு.சி. முடித்த கையோடு இந்திராநகரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற போன்களில் பாதி புகார். கொதித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறவரைச் சிரித்துக்கொண்டே போனை வைக்கச் செய்கிற வித்தை கைவந்ததும், இதை ஏன் இன்னொருத்தருக்காகச் செய்ய வேண்டும் என்று தனிக்கடை போட்டாள். முதலில் மேல்மருவத்தூர் பஸ்கள். சிவப்புப் புடவைக் கூட்டத்தை ஏற்றி இறக்கிச் சில வருஷங்கள் ஓடின. பிறகு வேளாங்கண்ணி, திருப்பதி, ஊட்டி. அதற்கும் பிறகு விமானத்தில் காசி. புருஷன் கோவிந்தன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறான். தினமும் அதே ஆட்களை அதே வாசலில் இறக்கிவிட்டு, அதே ஆட்களை அதே வாசலில் ஏற்றிக்கொள்கிறவனுக்கு மனைவியின் தொழிலைப் பார்த்தால் கொஞ்சம் பெருமை, நிறைய பயம்.

தமயந்தியின் மூலதனம் பஸ்ஸும் இல்லை, ஓட்டலும் இல்லை. பெயர் வைக்கிற சாமர்த்தியம்தான். வாணியம்பாடி தாண்டி பஸ் பஞ்சரானால் அது 'மலைக்காட்சி நிறுத்தம்.' ஊட்டியில் விடாமல் மழை கொட்டி யாரும் அறையை விட்டு இறங்க முடியாமல் போனால், "இது மிஸ்ட் ஸ்பெஷல் சார், சீசன்ல வந்தாக் கிடைக்காது." காசியில் கீசர் வேலை செய்யாதபோது, "கங்கைய பக்கத்துல வெச்சுக்கிட்டு பைப்புத் தண்ணி கேக்கலாமா மேடம்" என்று, கேட்டவரையே தலைகுனிய வைத்தாள். அவளோடு போய்வந்தவர்கள் யாரும் அவளைத் திட்டியதில்லை. தங்களுக்கு நடந்தது அநியாயமா, அதிர்ஷ்டமா என்பது அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாது.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஒருநாள் ஹரிஷ் வந்தான். வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை, அங்கேயே பெரிய அடுக்ககத்தில் வீடு. பல் துலக்குவது நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிற பிள்ளை. அவன் ஏன் இந்தச் சந்துக்குள் வந்தான் என்று தமயந்திக்கே புரியவில்லை.

"அப்பாவுக்கு சிக்ஸ்டி ஆகுது மேடம். அறுபதாம் கல்யாணத்தை க்ரூஸ் கப்பல்ல வெச்சுக்கலாம்னு ஐடியா. நானே ஆன்லைன்ல புக் பண்ணியிருப்பேன். அப்பாதான் ஒத்துக்கல. ஏதாவது தப்பாச்சுன்னா நின்னு திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமாம். ஆப்பைத் திட்ட முடியாதுங்கறார்."

"நியாயம்தானே சார்" என்றாள் தமயந்தி. "நான் இருக்கேன். நல்லா திட்டச் சொல்லுங்க."

அப்பா பாலசுப்ரமணியன் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டெபுடி ஜெனரல் மேனேஜர். ஓய்வு பெறுகிற தேதி நெருங்க நெருங்க அடுக்ககத்தின் சங்கத்துக்குச் செயலாளராகி, அங்கே லிஃப்டையும் காவலாளிகளையும் நிர்வகிக்கத் தொடங்கியிருந்தார். எதைப் பேசினாலும் "பாயிண்ட் நம்பர் ஒன்" என்று ஆள்காட்டி விரலை நிமிர்த்துவார். அவருடைய பேச்சில் ஒன்றாம் பாயிண்ட் எப்போதும் உண்டு. இரண்டாவது பாயிண்ட் வருவதற்குள் கேட்டவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். மனைவி சுனிதா, முப்பது வருஷமாக அந்த ஒன்றாம் பாயிண்டுக்குத் தலையாட்டிப் பழகியவர். பேசிக்கொண்டிருக்கும்போதே கணவரின் சட்டைப் பையில் மாத்திரை டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"பாயிண்ட் நம்பர் ஒன். ஹோமம் இல்லாம கல்யாணம் கிடையாது" என்றார் பாலசுப்ரமணியன்.

கப்பலில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள் என்பது தமயந்திக்குத் தெரியும். ஆனால் இல்லை என்ற சொல்லை அவள் வாடிக்கையாளரிடம் பயன்படுத்தியதே கிடையாது. "பண்ணிடலாம் சார். ஸ்மோக் ஃப்ரீ ஹோமம். கண்ணே எரியாது" என்றாள்.

புகையில்லா ஹோமம் என்பது ஒரு பித்தளைக் குண்டத்துக்குள் வைத்த பேட்டரி விளக்கு. ஆரஞ்சு பல்பு, அடியில் சின்ன விசிறி, விசிறிக் காற்றில் நெளிகிற மஞ்சள் பட்டுத் துணி. சிவாஜிநகரில் வாங்கினாள். தள்ளி நின்று பார்த்தால் தீ என்றுதான் தோன்றும். ஆனேக்கல்லில் இருந்து ஏற்பாடு செய்த சாஸ்திரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் பாவனைதானேம்மா" என்றார். கப்பலில் பஃபே உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கப்பலின் பெயர் சமுத்ர ராணி. சென்னையில் ஏறி, திரிகோணமலை போய், திரும்பச் சென்னை. முப்பது பேருக்குக் கிட்டச் சேர்ந்தார்கள்: பாலசுப்ரமணியனின் தம்பிகள், மச்சினிகள், அடுக்ககத்துச் சிநேகிதர்கள், ஹரிஷ், அவன் மனைவி கிருத்திகா. கிருத்திகாவுக்கு ஐந்தாம் மாதம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கப்பலைப் பார்த்ததும் எல்லோரும் படம் எடுத்தார்கள். கடலைப் பார்த்து எடுத்தவர்கள் குறைவு. சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்ததும் படம் எடுப்பதும் நின்றுபோயிற்று. நாலு தேசத்துச் சாப்பாடு, எவ்வளவு வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும். வீட்டில் ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி போதும் என்கிறவர்கள் தட்டில் நூடுல்ஸின் மேல் இட்லியையும் இட்லியின் மேல் கேக்கையும் அடுக்கிக்கொண்டு, நடுவில் சாம்பார் ஊற்ற இடம் தேடினார்கள். வாசலில் ஒரு சிப்பந்தி சோப்பும் குழாயும் இருக்கும் பக்கம் கைகாட்டி, கைகழுவிவிட்டு வாருங்கள் என்று பாட்டாகவே பாடினான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், கைதட்டினார்கள், கழுவாமல் உள்ளே போனார்கள். பாலசுப்ரமணியன் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும் என்று பின்னால் நின்றவருக்கு வகுப்பெடுத்துவிட்டு, எந்த இட்லி சூடாக இருக்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை, கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் ஒரு குழைவான குரல் கேட்டது. விருந்தினர் சேவை மேலாளர் ரயான் பேசுவதாகச் சொல்லிக்கொண்டது. அருமையான வானிலை என்றது. விருந்தினர்களில் மிகச் சிலருக்கு லேசான வயிற்று அசௌகரியம் என்றது. ஆகவே கப்பல் தன் சுகாதார அனுபவத்தை அடுத்த கட்டத்துக்கு உயர்த்துகிறது. பஃபே இனி 'பிரத்யேகப் பரிமாறல் அனுபவம்' ஆகிறது. நீச்சல் குளம் 'புத்துணர்ச்சி' பெறுவதற்காக ஓய்வெடுக்கிறது. விருந்தினர்கள் கைகுலுக்குவதற்குப் பதில் நம் பாரம்பரியப்படி வணக்கம் சொல்லி மகிழலாம்.

காபி குடித்துக்கொண்டிருந்த தமயந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். தன் தொழில்காரன் ஒருவன் இந்தக் கப்பலில் இருக்கிறான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தன்னைவிடக் கெட்டிக்காரன் என்பதும் தெரிந்தது. குளம் ஓய்வெடுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

சேவை மேஜைக்கு நேராகப் போனாள். ரயான் மங்களூர்க்காரன். சட்டையில் மடிப்புக் கலையவில்லை, கண்ணில் தூக்கமில்லை. அவள் கன்னடத்தில் ஆரம்பித்ததும் கொஞ்சம் தளர்ந்தான். பெங்களூரில் படித்தவனாம், தமிழும் வந்தது.

"எத்தனை கேபின் ரயான்?"

"மிகச் சில, மேடம்."

"நானும் இதே வேலைதான் பாக்கறேன். எனக்கு மட்டும் சொல்லுங்க."

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "நாலாவது மாடியில ஒரு பக்கம் ஃபுல்லா. அஞ்சாவது மாடியில ஆரம்பிச்சிருக்கு. கிச்சன்லயும் ரெண்டு பேர்."

"அப்போ அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"நெஜம் சொன்னா ஜனங்க பயப்படுவாங்க மேடம்."

"சொல்லலேன்னா?"

"அப்பவும் பயப்படுவாங்க. ஆனா சந்தோஷமா பயப்படுவாங்க."

கப்பலின் டாக்டரம்மா இந்த அளவுக்கு நயமாகப் பேசுகிறவர் இல்லை. குழுத் தலைவர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார். இது வாந்தி பேதி வைரஸ். ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகும். கைப்பிடி, கரண்டி, லிஃப்ட் பொத்தான், எதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டிலில் இருக்கிற சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு தப்பிக்க முடியாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். வந்தவர்கள் உடனே சொல்லிவிட வேண்டும், கேபினை விட்டு வெளியே வரக்கூடாது. நின்றபிறகும் இரண்டு நாள் உள்ளேயே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும். வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் உடம்பில் தண்ணீர் வற்றினால்தான் ஆபத்து.

தமயந்தி தன் கூட்டத்தை மேல்தளத்தில் ஓர் ஓரமாகச் சேர்த்தாள். "யாருக்காவது வயிறு சரியில்லையா?"

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. முப்பது பேரும் ஆரோக்கியத்தின் திருவுருவங்களாக நின்றார்கள். பாலசுப்ரமணியனின் பெரிய தம்பி முகம் வெளுத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடல் ஆடுவது ஒத்துக்கொள்ளவில்லையாம். கடல் கண்ணாடி போல் கிடந்தது. ஒரு மச்சினிக்கு கேஸ். அடுக்ககத்துச் சிநேகிதர் ஒருவர் இரவு முழுக்கக் கழிவறையில் இருந்தது போன் பார்ப்பதற்காக. சாஸ்திரி உபவாசம் என்றார். முந்தைய நாள் அவர் தட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை, ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேபினுக்குள் அடைத்துவிடுவார்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கப்பலுக்கு வந்துவிட்டு அறைக்குள் கிடப்பதற்கு வைட்ஃபீல்டிலேயே கிடந்திருக்கலாமே.

ஆனால் இது யாரால் வந்தது என்பதில் மட்டும் ஆளுக்கொரு திடமான கருத்து இருந்தது. நாலாம் மாடிக்காரர்கள் கொண்டுவந்தது. இல்லை, அந்த டெல்லி கல்யாணக் கோஷ்டி. இல்லை, கேபினில் துண்டு மடித்து வைக்கிற சிப்பந்திப் பையன்கள். நம்மவர்கள் இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை.

மாலையில் ரயான் மறுபடி பேசினான். திரிகோணமலையில் இறங்குவதற்குப் பதிலாக, கடலில் இருந்தபடியே கரையை ரசிக்கும் அரிய வாய்ப்பு விருந்தினர்களுக்குக் கிடைத்திருப்பதாகச் சொன்னான். தூரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள்.

விழா அடுத்த நாள் காலை. கப்பலின் பெரிய லவுஞ்சைக் கொடுத்திருந்தார்கள். ரத்து செய்யலாமா என்று தமயந்தி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "பாயிண்ட் நம்பர் ஒன், நமக்கு யாருக்கும் ஒண்ணுமில்லை" என்றார் பாலசுப்ரமணியன். ஹரிஷ் நேரலைக்கு ஏற்பாடு செய்திருந்தான். அவன் அலுவலகத்தார், அடுக்ககத்தார், அமெரிக்காவில் இருக்கிற அத்தை, எல்லோரும் பார்க்கப்போகிறார்கள்.

காலையில் மாலைகளை எடுத்துக்கொண்டு தமயந்தி அவர்கள் கேபின் கதவைத் தட்டினாள். சுனிதா கதவை ஒரு சாண் அகலம் மட்டும் திறந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார், தலையில் பூ. உள்ளே குளியலறையிலிருந்து வந்த சத்தத்தை வேறெதுவாகவும் நினைக்க முடியவில்லை.

"எப்போலருந்தும்மா?"

"விடியறதுக்கு முன்னாடியே" என்றார் சுனிதா, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு பக்கமும் போகுது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு தாலி மேல சத்தியம் வாங்கிட்டார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்குப் புதுத் தாலி கட்டிருவார். அப்புறம் அந்தச் சத்தியம் செல்லுமா, என்ன?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தமயந்திக்கு விளங்கவில்லை.

பாலசுப்ரமணியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு, திருநீற்றைவிட வெளுத்த முகம்.

"சார், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"பாயிண்ட் நம்பர் ஒன். இது கேஸ். நேத்து ராத்திரி சாப்பிட்ட சன்னா."

"சார், எல்லாரும் உங்க கால்ல விழுவாங்க, கலசத் தண்ணி ஊத்துவாங்க. நீங்க உங்க கையால லட்டு குடுப்பீங்க. மருமகப் பொண்ணு மாசமா இருக்கு."

"ஒரு மணி நேரம்தான். முடிஞ்சதும் நானே போய் டாக்டரப் பாக்கறேன்." அவர் விரல் நிமிர்ந்தது. "ஏம்மா, நீ வியாபாரம் பண்றவ. எங்க அபார்ட்மென்ட்ல ஆயிரத்துக்கு மேல வீடு. நான் ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் உன்கிட்ட வருவாங்க. ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. உனக்கே தெரியும்."

தெரியத்தான் செய்தது. மாலைகளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கும்போது, டாக்டரிடம் போவதா லவுஞ்சுக்குப் போவதா என்று அவள் கால்களே தயங்கின. ரயானிடம் சொல்லிவைத்தால் இதற்கும் ஒரு பெயர் வைத்துத் தருவான். தன்னிடமே இல்லாத பெயர்களா? ஓர் அலங்காரச் சொல்லைச் சொல்லி விழாவைத் தள்ளிப் போடலாம் என்று முடிவுசெய்துகொண்டு லவுஞ்சுக்குள் போனாள்.

உள்ளே எல்லாம் தயார். பித்தளைக் குண்டத்தில் பட்டுத் தீ அழகாக நெளிந்தது. வரிசை வரிசையாகக் கலசங்கள். சாஸ்திரி சாய்ந்தபடி மந்திரம் சொன்னார், அவ்வப்போது வாயை மூடிக்கொண்டு கண்ணை உருட்டினார். ஹரிஷின் போன் முக்காலியில் நின்று எல்லாவற்றையும் வைட்ஃபீல்டுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். பாலசுப்ரமணியன் பக்கத்தில் வெள்ளித் தாம்பாளம் நிறைய லட்டு.

நிகழ்ச்சித் தொகுப்பு தமயந்தியுடையது. மைக் அவள் கையில் இருந்தது. "அன்பான உறவினர்களே" என்று ஆரம்பித்தாள். முதல் ஆசீர்வாதம் மருமகளுக்கு என்று முன்பே பேசிவைத்திருந்தபடியால், கிருத்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து முன்னால் வந்தாள். பாலசுப்ரமணியன் ஒரு லட்டை எடுத்தார். எடுத்த கையால் தன் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

தமயந்தி சொல்லைத் தேடினாள். சிறு இடைவேளை. நல்ல நேர மாற்றம். கடல்காற்று ஓய்வு. ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்தது. எதைச் சொன்னாலும் அவர் அதற்குள் லட்டைக் கொடுத்துவிடுவார், இந்தப் பெண் அதற்குள் சாப்பிட்டுவிடும் என்று தெரிந்தது. மேல்மருவத்தூர் பஸ்ஸிலிருந்து இதுவரை அவளைக் கைவிடாத திறமை அந்த நிமிஷத்தில் ஒன்றுக்கும் ஆகவில்லை.

"கிருத்திகா, அதை வாங்காதீங்க" என்றாள் மைக்கில். "சாருக்கு வாந்தி. விடியக்காலையிலருந்து. பேதியும் ஆகுது. யாரும் லட்டைத் தொடாதீங்க, கால்ல விழாதீங்க. எல்லாரும் வெளிய போய் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க."

கிருத்திகாவின் கை அப்படியே நின்றது. ஹரிஷ் போனைப் பார்த்தான், தமயந்தியைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

பாலசுப்ரமணியன் எழுந்தார். அவ்வளவு கோபத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. விரல் நிமிர்ந்தது. "பாயிண்ட் நம்பர் ஒன்" என்றார்.

அதற்குப் பின் வந்தது பேச்சு இல்லை. குண்டம் அவருக்கு நேர் முன்னால் இருந்தபடியால் எல்லாம் அதற்குள்ளேயே போயிற்று. பட்டுத் தீ ஒருமுறை துடித்து அணைந்தது.

முன்வரிசைக்காரர்கள் ஓடிய ஓட்டத்தில் கலசங்கள் உருண்டன. அமெரிக்க அத்தையின் குரல் போனிலிருந்து, "என்னாச்சு, ஏன் எல்லாரும் ஓடறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சுனிதா மட்டும் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தை இரண்டடி தள்ளிவைத்தார். பிறகு கணவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் சாஸ்திரி தமயந்தியை நிறுத்தினார். "எனக்கும் நேத்துலருந்தும்மா" என்றார். அவர் சொன்னதும் பெரிய தம்பி தனக்கும் என்றார். கேஸ் என்றிருந்த மச்சினி தலையைக் குனிந்துகொண்டாள். போன் பார்த்த சிநேகிதரும் வந்தார். அரை மணிக்குள் டாக்டரம்மா அறைக்கு வெளியே தமயந்தி டூர்ஸின் பாதிக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அந்த வரிசையில்கூட இருவர் யார் முதலில் வந்தார்கள் என்று சண்டை போட்டார்கள்.

தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில் ஆட்கள் வந்து லவுஞ்சைக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி இரண்டு மாடிக்கு அடித்தது. ஒலிபெருக்கியில் ரயான், லவுஞ்சில் ஒரு சிறிய ஈரப்பத நிகழ்வு ஏற்பட்டதாகச் சொன்னான். இந்தமுறை தமயந்தி அதை ரசிக்கவில்லை.

பாலசுப்ரமணியனை அவர் கேபினில் வைத்துக் கதவை மூடினார்கள். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வைக்கப்படும், வைத்தவர் போனபிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். சுனிதாவுக்கு ஒன்றும் வரவில்லை. அவரையும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, காலியாக இருந்த ஒரே கேபினைக் கொடுத்தார்கள். அது பால்கனி வைத்த பெரிய கேபின். கதவைத் திறந்தால் கடல்.

தமயந்தி போனில் விசாரித்தாள். "சாப்பாடு வருதாம்மா? ஏதாவது வேணுமா?"

"வருது. தட்டு மூடி வருது. நான் சூடு பண்ணல, பரிமாறல, கழுவல" என்றார் சுனிதா. பின்னணியில் அலைச் சத்தம். "அவர் போன் பண்ணிட்டே இருந்தார். மாத்திரை எங்க, துண்டு எங்க, சாக்ஸ் எங்கன்னு. எல்லாம் அவர் அறையிலதான் இருக்கு. நான் ரிசீவரை எடுத்து மெத்தை மேல வெச்சுட்டேன். உன் போன் வரட்டும்னுதான் இப்ப எடுத்து மாட்டினேன். தப்பா தமயந்தி?"

"தெரியலம்மா" என்றாள் தமயந்தி. அது உண்மை.

மற்றவர்கள் அவளோடு பேசவில்லை. ஹரிஷ் ஒரே ஒரு முறை வந்தான். "லைவ்ல என் மேனேஜர் பாத்துட்டிருந்தார் மேடம். டீசன்ட்டா சொல்ல உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

"தேடினேன் சார். கிடைக்கல."

அன்று மாலையே அவளுக்கும் வயிற்றைப் பிசைந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு ஜன்னல் இல்லாத தன் கேபினுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வயிறு ஒரு பக்கம், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஒரு பக்கம் என்று அவளைப் புரட்டின. செய்தது சரிதான் என்று வாளியின் மேல் குனிந்திருக்கும்போது நன்றாகவே தெரிந்தது. நிமிர்ந்து படுத்தபோது அவ்வளவு தெரியவில்லை. கோவிந்தன் போன் செய்தான்.

"என்னாச்சு, குரலே இல்ல?"

"வாந்தி."

"அய்யோ, அப்படிப் பச்சையா சொல்லாத. உனக்கு எத்தனை பேர் வெக்கத் தெரியும்."

"வாந்திதான்யா" என்றாள். "போனை வை. மறுபடி வருது."

சென்னையில் இறங்கியபோது எல்லோரும் கம்பெனி மேல் வழக்குப் போடுவதாகச் சபதம் செய்தார்கள். தமயந்தி மேலும் போட வேண்டும் என்றார் ஒரு தம்பி. பஸ்ஸில் பாலசுப்ரமணியன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் வரை பின்னால் திரும்பவில்லை. கிருத்திகா மட்டும் கிருஷ்ணகிரி தாண்டியதும் எழுந்து தமயந்தியின் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்குக் கடைசிவரை எதுவும் வரவில்லை.

கப்பல் கம்பெனி வருத்தம் தெரிவித்து எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. அடுத்த பயணத்துக்குப் பாதி விலைச் சலுகை என்றது. வழக்குப் போடுவதற்கு அமைத்த வாட்ஸாப் குழுவில் அன்று மாலை முழுக்க ஒரே விஷயம்தான் ஓடியது: சலுகை குழந்தைகளுக்கும் உண்டா, தீபாவளிக்குச் செல்லுமா. மறுநாள் குழுவின் பெயரை யாரோ 'க்ரூஸ் ரீயூனியன்' என்று மாற்றினார்கள்.

பாலசுப்ரமணியன் அடுக்ககத்தின் கூட்டரங்கில் 'நடுக்கடலில் ஒரு தொற்று: நிர்வாகப் பாடங்கள்' என்று பேச்சுக் கொடுத்தார். ஒன்றாம் பாயிண்ட்: உடம்பில் மாற்றம் தெரிந்த மறுகணமே, சொந்த விழா என்றும் பாராமல், தானே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அன்று நேரலையில் பார்த்தவர்கள் பாதிப்பேர் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வண்டியில் ஏறிய பயணிகள் பேசிக்கொண்டதைக் கோவிந்தன் வந்து சொன்னபோது, தமயந்தி அவனை இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கடைக்கு ஆள் வரவில்லை. அடுக்ககத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பாலசுப்ரமணியன் வாக்கைக் காப்பாற்றினார். ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் பலகைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷ மேல்மருவத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நாளிருந்தது.

ஒரு மத்தியானம் சுனிதா வந்தார். வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் ஏறி, இந்திராநகரில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தனியாக. இதுவரை தனியாக மெட்ரோ ஏறியதில்லையாம். கழுத்தில் பழைய தாலிதான் இருந்தது. புதியது கட்டாமலேயே நின்றுபோயிற்று, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தக் கப்பல் இன்னும் ஓடுதா தமயந்தி?"

"ஓடுதும்மா. யாருக்கு?"

"எனக்கு. அந்தக் கேபினே வேணும். பால்கனி வெச்சது."

"சாரும் வர்றாரா?"

"அவருக்குக் கடல் ஒத்துக்கறதில்ல" என்றார் சுனிதா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

தமயந்தி வாயைத் திறந்தாள். கடல்காற்று, சூரியோதயம், மன அமைதி என்று எத்தனையோ வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "ஒண்ணு சொல்லிடறேன்ம்மா. கழுவித் துடைச்சிருப்பாங்க. ஆனாலும் கப்பல்ங்கறது ஒரே இடத்துல அத்தனை ஜனம். மறுபடியும் வாந்தி வராதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

"வரட்டும்" என்றார் சுனிதா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "வந்தா இன்னும் ரெண்டு நாள் தனியா உள்ள வெச்சுப் பூட்டிருவாங்கல்ல?"